வரையறையைக் கொடுத்தால் போதுமா?

பெயர்ச்சொல் என்றால் ஆள், இடம், பொருளின் பெயர். வினைச்சொல் என்றால் செயல். இதை மனப்பாடம் செய்தால் ஆங்கில வாக்கியத்தில் சொல்வகையைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார் நண்பர். முடியாது. 'அரைவல்' (வருகை) ஒரு செயலைத்தான் குறிக்கிறது. ஆனாலும் அது பெயர்ச்சொல். முன்னால் 'தி' நிற்கிறது, பன்மையில் 'அரைவல்ஸ்' ஆகிறது. அதுதான் சான்று.

'ஃபாஸ்ட்' என்ற சொல்லைத் தனியே நீட்டி வகை கேட்பதே தவறு. 'எ ஃபாஸ்ட் கார்' என்றால் பெயரடை, 'ரன் ஃபாஸ்ட்' என்றால் வினையடை, 'தே ஃபாஸ்ட்' என்றால் விரதமிருக்கும் வினை. மொழியியலாளர் சார்லஸ் ஃப்ரீஸ் 1952இலேயே, வாக்கியத்தில் சொல் நிற்கும் இடத்தை வைத்து வகைபிரித்துக் காட்டிவிட்டார். இன்னும் பழைய வரையறையையே கொடுத்து, தடுமாறும் பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம். முழு வாக்கியத்தைக் கொடுங்கள். அந்த இடத்தில் வேறு எந்தச் சொல் பொருந்தும் என்று கேளுங்கள்.