மூளைக்குத் துருப்பிடிப்பதில்லை

'மூளையில் துரு' என்று தலைப்பிடும் அறிவியல் கட்டுரையாளர்களுக்கும், அச்சொல்லை ஆய்வேட்டின் முன்னுரைவரை சுமந்துவரும் சக ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அதைக் கைவிடுங்கள்.

சென்ற மாதம் விடுதித் தோழி ஒருவர் தம் தாயாரின் எம்.ஆர்.ஐ. அறிக்கையுடன் வந்தார். தலைவலிக்காக எடுத்த படம். 'குளோபஸ் பாலிடஸ் பகுதியில் இருபுறமும் வயதுசார் கனிமப் படிவு' என்று அதில் ஒரு வரி. இணையத்தில் தேடிய வீட்டார் 'துரு' என்று படித்துவிட்டு, இரத்தசோகைக்காக அவர் உண்டுவந்த இரும்புச்சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டனர். நிறுத்தச் சொன்னது மருத்துவரல்லர், ஓர் உருவகம். 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) கூறும் நாட்டில் இது சிறு பிழையன்று.

இறந்தோர் மூளைகளை வேதியியல் முறையில் ஆராய்ந்த ஹால்கிரெனும் சூராண்டரும், குளோபஸ் பாலிடஸில் இரும்பின் அளவு ஏறத்தாழ 30 வயதுவரை விரைந்து ஏறிப் பின் நிலைகொள்வதை 1958இலேயே காட்டினர். முப்பது வயதுக்குள் எவருக்குத் துருப்பிடிக்கிறது? மயலின் உறை உருவாகவும் டோபமைன் உற்பத்தியாகவும் இரும்பு வேண்டும். ஃபெரிட்டின் என்னும் புரதக்கூடு ஒன்றே சுமார் 4500 இரும்பு அணுக்கள்வரை அடக்கவல்லது. அக்கூட்டினுள் இருப்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு என்பதால், 'வேதியியலில் துருவுக்கு உறவுதானே' என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். உறவுதான். ஆனால் தமிழில் 'துரு' வேதிப்பொருளை மட்டுமா குறிக்கிறது? பேணாமை, பயன்படாமை, சுரண்டி எடுக்கவேண்டியது என்னும் பொருள்களும் அதனுடன் ஒட்டிக்கொண்டே வருகின்றன. 'மூளை துருப்பிடித்துவிட்டதா' என்பது நம்மிடையே வசை.

சுரண்டி எடுத்தும் பார்த்தார்கள். லெவோடோபா தொடங்காத, தொடக்கநிலைப் பார்க்கின்சன் நோயாளிகள் 372 பேரைக் கொண்டு, இரும்பை அகற்றும் டெஃபெரிப்ரோன் மருந்து 36 வாரங்கள் சோதிக்கப்பட்டது. முடிவு 2022இல் வெளியானது. படத்தில் இரும்பு குறைந்தது. மருந்து உண்டோரின் நிலையோ, போலிமருந்து உண்டோரைவிட மோசமாயிற்று.

பார்க்கின்சன் நோயில் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் இரும்பு மிகுவதை நான் மறுக்கவில்லை, ஆய்வு தொடரட்டும். ஆனால் காந்த ஏற்புத்திறன் படங்களில் இரும்பும் கால்சியமும் எதிரெதிர்க் குறியுடன் தெரியும்போதுகூட இரண்டையும் 'படிவு' என்றே எழுதுவது வெறும் சோம்பல். எது என்று பெயர் சொல்லுங்கள். இரும்பாயின் 'இரும்புச் செறிவு' என்றெழுதலாம். அந்தச் சொல் எவர் மாத்திரையையும் பிடுங்காது.

மருத்துவர் நேரில் விளக்கிய பின், தோழியின் தாயார் மாத்திரையை மீண்டும் தொடங்கியிருக்கிறார். வீட்டார் இன்னும் அரைமனத்துடன்தான் இருக்கின்றனர்.