ஆணின் மார்பில் ஒரு கட்டி

பாகாலா ஜங்ஷனில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் திருப்பதி. அங்கே ஸ்விம்ஸ் மருத்துவமனை உண்டு. டாடா அறக்கட்டளையின் துணையோடு தனிப் புற்றுநோய் மருத்துவமனையும் 2022-இல் வந்துவிட்டது. மறுபக்கம் சித்தூர் தாண்டினால் காட்பாடி, இறங்கி ஆட்டோ பிடித்தால் வேலூர் சி.எம்.சி. சிகிச்சை இவ்வளவு பக்கத்தில் இருந்தும், மார்பில் கட்டியோடு வரும் ஆண்கள் பெரும்பாலும் முற்றிய பிறகே வருகிறார்கள். "ஆம்பளைக்கு ஏது மார்புப் புத்து?" என்ற நினைப்புதான் காரணம்.

ஆணுக்கும் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் பால்குழாய்த் திசு உண்டு. புற்று அங்கேதான் முளைக்கிறது. மார்பகப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் ஆண். பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயது. வலியே இல்லாத, கெட்டியான கட்டி. காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளலாம், ரத்தம் கசியலாம். ஹார்மோன் மாற்றத்தாலோ சில மாத்திரைகளாலோ வரும் சாதாரண மார்பு வீக்கம் வேறு. அது மெத்தென்று இருக்கும், பல நேரம் இரு பக்கமும் வரும். ஆனாலும் தடவிப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஊசியால் திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

ஆபரேஷன் என்றதும் பயப்படுகிறார்கள். என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பெண்ணுக்குக் கட்டி சிறியதாக இருந்தால் அதை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதுண்டு. ஆணுக்கு இருக்கும் திசுவே கொஞ்சம், கட்டியும் காம்பை ஒட்டியே இருக்கும். அதனால் பெரும்பாலும் காம்போடு சேர்த்து மார்பகத் திசு முழுவதையும் எடுக்கிறார்கள். முற்காலத்தில் மார்புத் தசையையும் வெட்டினார்கள். இப்போது பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. கை பலம் குறையாதிருக்க இது முக்கியம்.

அடுத்தது அக்குள். நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் அங்குள்ள நிணநீர் நெறிகளுக்குத்தான் போகும். காம்பருகே நீலச் சாயம் ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் நெறியை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். அதில் புற்று இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடலாம். பின்னாளில் கை வீங்கும் தொல்லை குறையும். முன்பே பரவியிருந்தால் பல நெறிகளை எடுக்க வேண்டிவரும். தாமதத்தின் விலை இதுதான். சில நாள் நீர் வடியக் குழாய் இருக்கும், தோளுக்குப் பயிற்சி சொல்லித் தருவார்கள். பிறகு பெரும்பாலோருக்கு டமாக்சிஃபென் மாத்திரை, வழக்கமாக ஐந்து ஆண்டு.

துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பழகியவருக்குக் காம்பில்லாத தழும்பு உறுத்தும். அந்தக் கூச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அதற்காக நோயை மறைக்காதீர்கள். ஆணுக்கு வரும் இந்தப் புற்றில் ஒரு பங்கு பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுக் கோளாறால் வருவது. அது மகளுக்கும் மகனுக்கும் போகக்கூடியது. நோய் உறுதியானால் மரபணுச் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், உங்கள் மகளிடமும் சொல்லுங்கள்.