பாஸ் பிடிக்கப் போலாம் பாஸ்!

காலேஜ் வாழ்க்கையில நமக்குத் தெரிஞ்ச 'பாஸ்' மொத்தம் மூணு. பஸ்ல கண்டக்டர்கிட்ட காட்டுற பாஸ், செமஸ்டர்ல எப்படியாவது ஆகிடணும்னு வேண்டிக்கிற பாஸ், கைமாத்து கேட்கும்போது மட்டும் ஃப்ரெண்டைக் கூப்பிடுற 'பாஸ்'. நாலாவதா ஒரு பாஸ் இருக்கார். அவர் இருக்கிற இடம் தண்ணிக்குள்ள. ஆமாங்க, மீன்! அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் லீவு நாளானா தூண்டிலைத் தூக்கிக்கிட்டு இந்த பாஸைத் தேடித்தான் கிளம்புறாங்க. அங்கே பல காலேஜ்களில் ஃபுட்பால் டீம் மாதிரி பாஸ் பிடிக்கிறதுக்கே தனி டீம் உண்டு.

அந்த உலகத்தில் இன்னமும் பேசப்படுற ஒரு கதை. 1932, ஜூன் 2. ஜார்ஜியா மாநிலத்தில் மான்ட்கோமரி ஏரி. ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர் நண்பரோடு படகுல போறார். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ராட், ஒரே ஒரு செயற்கை இரை. மாத்தி மாத்தி வீசுறாங்க. பெர்ரி கையில ராட் இருந்த நேரத்தில் மாட்டினது 22 பவுண்ட் 4 அவுன்ஸ். அதாவது பத்து கிலோவைத் தாண்டின பாஸ். உலக ரெக்கார்டு! எடை போட்டு முடிச்சதும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைச்சுச் சாப்பிட்டாச்சு. 77 வருஷம் கழிச்சு, 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா என்பவர் பிடிச்ச பாஸ் கிட்டத்தட்ட ஒரு அவுன்ஸ் கூடுதல். ஆனா 2 அவுன்ஸாவது கூட இருந்தாத்தான் பழைய ரெக்கார்டு உடையும்னு விதி. அதனால ரெண்டு பேரும் சமம்னு எழுதிட்டாங்க.

'கையில கலர் கலரா நாற்பது இரை இல்லையே'ன்னு கவலைப்படுறவங்களுக்கு, பெர்ரி கதை ஒரு நல்ல மருந்து. மீனைக் கொண்டுவர்றது பெட்டி நிறைய சாமான் இல்லை. கையில இருக்கிற ஒரு செட், அந்த நிமிஷத்தில் அறுந்துபோகாம இருக்கணும். அவ்வளவுதான்.

நம்ம ஊரு பாஸ்

அந்த பாஸுக்காக ஃப்ளைட் ஏற வேண்டாம். நம்ம கழிமுகங்களிலேயே ஒருத்தர் இருக்கார். கொடுவா! இங்கிலீஷ்ல இவர் பேரு 'ஏசியன் ஸீ பாஸ்'. கேரளாவில் காளாஞ்சி, கொல்கத்தாவில் பெட்கி, ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. (விலங்கியல் படிக்கிறவங்க சண்டைக்கு வராதீங்க. அமெரிக்க பாஸும் கொடுவாவும் வேற வேற குடும்பம்தான். ஆனா ரெண்டு பேருக்கும் குணம் ஒண்ணு.)

பாலத்துத் தூண், பாறை, அலையாத்தி வேர்னு ஏதாவது ஒண்ணு பக்கத்தில் சத்தமில்லாம நிப்பார். இரை தாண்டிப் போனா வாயைத் திறந்து தண்ணியோட சேர்த்து உள்ளே இழுத்துக்குவார். மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் வானத்துக்கு ஒரு ஜம்ப், தலையை ஒரு உதறு. அடுத்து நேரா அந்தத் தூணைப் பார்த்து ஓட்டம். வாய் உள்ளே உப்புக்காகிதம் மாதிரி சொரசொரப்பு. செவுள் மூடி ஓரமோ பிளேடு!

இப்ப யோசிங்க. நரம்பு எங்கே அறுபடும்? ராட் பக்கத்தில் இல்லை. மீனுக்குப் பக்கத்தில் இருக்கிற கடைசி ரெண்டு மீட்டர்ல. நாம செலவு செய்றதோ முதல் ரெண்டு மீட்டருக்கு, அதாவது பளபளன்னு மின்னுற ராடுக்கு. இந்தக் கணக்கைத் தலைகீழாக்குறதுதான் இந்த வார மேட்டர்.

பர்ஸைத் திறக்கும் வரிசை

கையில 5,000 ரூபாய் இருக்குன்னு வெச்சுக்கோங்க. முதல்ல 1,500-ஐ நரம்பு, லீடர், முள்ளுக்குன்னு ஒதுக்கிடுங்க. மிச்சத்தில் பெரிய பங்கு ரீலுக்கு. கடைசியில மிஞ்சுறதுதான் ராடுக்கு.

முள்: கட்டை விரல் நகத்து மேல முனையை லேசா இழுங்க. பிடிச்சு நின்னா கூர்மை. வழுக்கிக்கிட்டுப் போனா மொட்டை. சீப்பான இரைகளில் வர்ற முள்ளைப் பெரிய கொடுவா கம்பி மாதிரி நிமிர்த்திடும். அதைக் கழட்டிட்டு கெட்டியான முள் மாட்டிக்கோங்க. முனைக்குக் கீழே பின்பக்கமா நீட்டிக்கிட்டிருக்கிற குட்டிக் கூரைக் குறடால நசுக்கிடுறது இன்னும் நல்லது. மீனை விடுவிக்கிறது சுலபம். உங்க விரல்ல ஏறினாலும் கழட்டுறது சுலபம்!

லீடர்: மெயின் நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவில் வர்ற தடிமனான நரம்பு. கொடுவாவுக்கு 40 பவுண்ட் லீடர், ஒன்றரை மீட்டர் போதும். ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் விரல்ல உருவிப் பாருங்க. சொரசொரன்னு தட்டுப்பட்டா யோசிக்காதீங்க, வெட்டிட்டுப் புதுசா முடிச்சுப் போடுங்க.

நரம்பு: ரெண்டு சாய்ஸ். மோனோ விலை குறைவு, இழுத்தா கொஞ்சம் நீளும். அந்த நீட்டம், மீன் உதறும்போது ஷாக் அப்சார்பர் மாதிரி உதவும். ஆனா வெயில் பட்டுப் பட்டு பலம் போயிடும். பிரெய்டு மெலிசு, பலம் அதிகம், நீளவே நீளாது. தூரமா வீசலாம், மீன் தொட்டாலே கையில தெரியும். ஆனா இழுபட்டு நிக்கும்போது பாறையில் உரசினா பட்டுனு போயிடும். பிரெய்டுன்னா 20 பவுண்ட் போதும். ஸ்பூல்ல நேரடியாச் சுத்தினா வழுக்கும். அடியில சில சுத்து மோனோ சுத்திட்டு அதுக்கு மேல சுத்துங்க.

ரீல்: 3000 அல்லது 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். கடைக்காரர் 'இதுல பத்து பேரிங் சார்'ம்பார். தலையை ஆட்டிட்டு நீங்க டிராக்கைப் பாருங்க. மீன் இழுக்கும்போது நரம்பை அளவா விட்டுக்கொடுக்கிற பிரேக்தான் டிராக். கையால நரம்பை இழுத்தா வெண்ணெய் மாதிரி வரணும். முதல்ல முரண்டு பிடிச்சு அப்புறம் வெடுக்குனு வந்தா, அந்த 'வெடுக்'லதான் நரம்பு அறுபடும்.

ராட்: ஆறரையிலிருந்து ஏழு அடி. கைப்பிடிக்கு மேல எழுதியிருக்கிற நம்பரைப் படிங்க. எத்தனை பவுண்ட் நரம்பு, எத்தனை கிராம் இரைன்னு போட்டிருக்கும். உங்க நரம்பும் இரையும் அதுக்குள்ள அடங்கணும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளேயும் கொஞ்சம் பஞ்சை விட்டு உருவுங்க. பஞ்சு சிக்கினா அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கு. நாளைக்கு உங்க நரம்பையும் அதுதான் அறுக்கும்.

ரெண்டு லிட்டர் பாட்டில் டெஸ்ட்

டிராக்கை எவ்வளவு இறுக்கணும்? நரம்போட பலத்தில் கால் பங்கு. 20 பவுண்ட்னா சுமார் 9 கிலோ. அதுல கால்வாசி, ரெண்டே கால் கிலோ. இதுக்குத் தராசெல்லாம் வேண்டாம். ரெண்டு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணி பிடிங்க. ரீலை ஃப்ரெண்டு கையில கொடுத்து, அதுல இருந்து நேரா தொங்குற நரம்புல பாட்டிலைக் கட்டுங்க. பாட்டில் மெதுவா இறங்கினா டிராக் சரி. அப்படியே தொங்கினா ரொம்ப டைட். 'தொபுக்'னு விழுந்தா ரொம்ப லூஸ். ஹாஸ்டல் ரூம்லயே செய்யலாம். வார்டன் கேட்டா ஃபிஸிக்ஸ் ப்ராஜெக்ட்!

அடுத்து முடிச்சு. 'பாலோமார்' ஒண்ணைக் கத்துக்கிட்டா பல இடத்துக்குப் போதும். நரம்பை ரெண்டா மடிச்சு முள்ளோட வளையத்துக்குள்ள விடுங்க. மடிச்ச நரம்பாலேயே ஒரு சாதா முடிச்சு, இறுக்காம. கடைசியில இருக்கிற கண்ணிக்குள்ள முழு முள்ளையும் நுழைச்சு, மெதுவா இழுங்க. இறுக்குறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டு நனைக்க மறக்காதீங்க. காய்ஞ்ச நரம்பை இறுக்கினா உரசுற சூட்டிலேயே பலம் குறைஞ்சிடும்.

வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிஷம்

உப்புத் தண்ணி ரீலுக்கு எமன். அதனால 'காலையில பார்த்துக்கலாம்'னு படுத்துடாதீங்க. முதல்ல டிராக்கை இறுக்குங்க, அப்பதான் உள்ளே தண்ணி போகாது. நல்ல தண்ணியை மெலிசாத் தெளிச்சுக் கழுவுங்க. பக்கெட்ல முக்கக் கூடாது, பைக் கழுவுற மாதிரி பீய்ச்சி அடிக்கவும் கூடாது. அந்த வேகம் உப்பை உள்ளே தள்ளிடும். துணியால துடைச்சு நிழல்ல காய வெச்சதும், இப்ப டிராக்கை லூஸ் பண்ணுங்க. இறுக்கியே வெச்சா உள்ளே இருக்கிற வாஷர் அமுங்கிப் போய், அடுத்த தடவை 'வெடுக்' ஆரம்பிச்சிடும். நரம்பு திரும்புற குட்டி உருளையிலும் கைப்பிடி மூட்டிலும் ஒரு சொட்டு எண்ணெய். ஒரே ஒரு சொட்டு!

நனைஞ்ச இரையை அப்படியே டப்பாவில் போட்டு மூடினா, ஒரு முள்ளோட துரு மொத்த டப்பாவுக்கும் பரவும். காய வெச்சுப் போடுங்க. புது ஷூ டப்பாவில் வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட்டைத் தூக்கிப் போடாம இதுக்குள்ள போட்டு வைங்க. ஸ்பூல்ல மேல் பாதி நரம்பு தேய்ஞ்சு, அடிப் பாதி புதுசா இருக்கா? கழட்டித் திருப்பிச் சுத்துங்க. புது நரம்பு வாங்குற காசு மிச்சம்.

இவ்வளவு எதுக்கு?

நரம்பு அறுந்தா நமக்குப் போறது ஒரு இரை. மீனுக்கு? வாயில முள்ளோட, பின்னாடி ஒரு மீட்டர் நரம்பை இழுத்துக்கிட்டு அது அலையணும். அந்த நரம்பு வேர்ல சிக்கினா கதை அங்கேயே முடியும். இதுல இன்னொரு விஷயம்... கொடுவா ஆணாத்தான் வாழ்க்கையை ஆரம்பிக்குது. சில வருஷம் கழிச்சுப் பெண்ணா மாறுது. அதனால பெரிய கொடுவா பெரும்பாலும் பெண். ஒரு தடவைக்கு லட்சக்கணக்கில் முட்டையிடுற தாய். நம்ம அலட்சியத்தால போற ஒரு பெரிய மீன், வெறும் ஒரு மீன் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கொடுவாவுக்குக் குறைஞ்சபட்ச அளவு மட்டும் இல்லை, பொதுவா 120 செ.மீ.-ன்னு உச்ச அளவும் வெச்சிருக்காங்க. அதுக்கு மேல பெரிசா மாட்டினா தண்ணிக்கே திருப்பித் தரணும்.

அறுந்த நரம்புத் துண்டுகளையும் கரையில வீசாதீங்க. பறவைக் காலில் சுத்தினா அதுக்கு அவிழ்க்கத் தெரியாது. சுருட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்து, பொடிசா வெட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்க.

உங்க உயிரையும் கொஞ்சம் கவனிங்க பாஸ். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். இடி இடிச்சா ராடைக் கீழே வெச்சுட்டு நகர்ந்துடுங்க. கரண்ட் கம்பிக்குக் கீழே தூக்கிப் பிடிக்காதீங்க. முகத்துவாரத்தில் இறங்கி நிக்கிற வீரம் வேண்டாம். அந்த இழுப்பு, நீச்சல் தெரிஞ்சவரையும் தள்ளிடும். தனியாப் போகாதீங்க, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க. அலையாத்திக் காடு, சரணாலயம்னா வனத்துறையிடம் அனுமதி கேட்டுக்கோங்க. கரையில இருக்கிற மீனவ அண்ணன்கிட்ட 'எங்கே போடலாம்ணே?'ன்னு மரியாதையாக் கேளுங்க. அவர் சொல்ற ஒரு வார்த்தை, எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணிப் பக்கமே போக வேண்டாம். ரூம்ல உட்கார்ந்து பத்து முடிச்சுப் போட்டு, ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாருங்க. பத்தும் நின்னா, நீங்க பாஸ்!