மார்க்கரும் கிளிப்பும் சேர்ந்து நகரணுமா, வேண்டாமா?

போன செமஸ்டரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து 12 நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்தோம். பஞ்சாலையில் வேலை பார்க்கும் ஒரு அக்காவின் பேட்டிதான் அதில் முக்கால்வாசி. பேச்சுவாக்கில் சூப்பர்வைசர் பெயரை மூன்று இடத்தில் சொல்லிவிட்டார். பேட்டி முடிந்ததும், "தம்பி, அந்தப் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது, எனக்கு வேலை போயிடும்" என்றார். "வராதுக்கா" என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து பேட்டி முழுவதையும் கேட்டு, பெயர் வரும் இடத்திலெல்லாம் டைம்லைனில் சிவப்பு மார்க்கர் வைத்தேன். மறுநாள் நண்பன் ஒருவன், தொடக்கம் இழுவையாக இருக்கிறது என்று முதல் ஷாட்டில் 14 வினாடியை வெட்டி, மிச்சத்தை முன்னுக்கு இழுத்துவிட்டான். கிளிப்புகள் எல்லாம் சமர்த்தாக நகர்ந்தன. மார்க்கர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. 3:42-ல் இருந்த பெயர் 3:28-க்குப் போய்விட்டது, மார்க்கர் மட்டும் 3:42-ல் காவல் காக்கிறது. ஒலி வேலை பார்த்தவன், பத்துப் பேர் கத்திக்கொண்டிருந்த லேபில், மார்க்கரை நம்பி ஒவ்வொன்றிலும் ஒரு 'பீப்' வைத்து முடித்துவிட்டான். சாதாரணச் சொல்லுக்கெல்லாம் பீப், பெயர் மட்டும் கணீரென்று! திரையிடலுக்கு முந்தின ராத்திரி ஏதோ தோன்றி ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். தப்பித்தோம்.

எந்த மென்பொருள் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பாதித் தப்பு என்னுடையது.

எப்படி என்றால், மார்க்கரில் இரண்டு சாதி உண்டு. ஒன்று டைம்லைன் மேல் ஒட்டுவது. இன்னொன்று கிளிப் மேல் ஒட்டுவது. முதலாவது சுவரில் அடித்த ஆணி மாதிரி, இரண்டாவது சட்டையில் தைத்த பட்டன் மாதிரி. சட்டை எங்கே போனாலும் பட்டனும் போகும். நான் பேட்டிக் கிளிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு மார்க்கர் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தூக்கக் கலக்கத்தில் படத்தை ஓடவிட்டு, 'எம்' விசையைத் தட்டிக்கொண்டே போகிறவன் இதையெல்லாம் பார்ப்பானா? பிரீமியர் ப்ரோவில் கிளிப் தேர்வாகியிருந்தால் அதே 'எம்' கிளிப்பில் ஒட்டும், இல்லாவிட்டால் டைம்லைனில் ஒட்டும். ஒரே விசை, இரண்டு அர்த்தம்!

"அப்படியானால் எல்லா மார்க்கரும் கிளிப்போடு நகரட்டுமே" என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். எனக்கும் முதலில் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் பாட்டுக்கு எடிட் பண்ணியவர்களைக் கேளுங்கள், அடிக்க வருவார்கள் :-) தாளம் விழும் இடத்திலெல்லாம் மார்க்கர் வைத்துவிட்டு, படத்தில் நடுவே ஒரு ஷாட்டைச் சொருகினால், பாட்டு அசையாமல் இருக்கும்போது மார்க்கர் மட்டும் தள்ளிப்போனால் அத்தனையும் பாழ். போட்டிக்கு 10 நிமிடம்தான் எல்லை என்று 10:00-ல் ஒரு மார்க்கர் வைத்திருந்தால் அதுவும் நகரவே கூடாது.

ஆக, குறி வைத்தவனின் மனதில் இருப்பது ஒரு சொல்லா, ஒரு நேரமா என்பதுதான் கேள்வி. மென்பொருளுக்கு அது தெரியாது. அதனால் ஆளாளுக்கு ஒரு வழி. ஆப்பிள் 2011-ல் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸைக் கொண்டுவந்தபோது, மார்க்கரைக் கிளிப்பில் மட்டும்தான் ஒட்ட முடியும் என்று ஆக்கிவிட்டார்கள். துணிச்சல்தான். ஆனால் கிளிப்பை அழித்தால் அதில் எழுதிய குறிப்பும் அதோடு போச்சு. பிரீமியரில் மார்க்கர்ஸ் மெனுவுக்குள் 'ரிப்பிள் சீக்வென்ஸ் மார்க்கர்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் டிக் போட்டால், ரிப்பிள் செய்யும்போது டைம்லைன் மார்க்கரும் கூடவே நகரும். இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவில் பெயரையே பிரித்து வைத்திருக்கிறார்கள். டைம்லைனில் இருப்பது 'கைடு', கிளிப்பில் இருப்பது 'மார்க்கர்'. குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்தது. எனக்குப் பிடித்தது வேகஸ். அதில் ஆட்டோ ரிப்பிளுக்கு மூன்று நிலை உண்டு: மாற்றம் நடந்த டிராக் மட்டும், அதோடு மார்க்கர் முதலானவையும், இல்லை எல்லா டிராக்கும் எல்லா மார்க்கரும். எது நகரும் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது.

ஆனால் இந்த டிக்கும் நிலையும் எல்லாமே மொத்த டைம்லைனுக்கும் ஒன்றாகத்தான். என் படத்தில் பெயர் மார்க்கர் நகர வேண்டும், 10 நிமிட மார்க்கர் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில்தான் இருக்கின்றன. டிக்கைப் போட்டால் ஒன்று கெடும், எடுத்தால் இன்னொன்று கெடும். மார்க்கருக்கு ஒரு நிறம், ஒரு பெயர், ஒரு குறிப்பு என்று தனித்தனியாகக் கொடுக்க விடுகிறவர்கள், 'இது நகரலாம், இது நகரக்கூடாது' என்பதையும் தனித்தனியாகவே கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அது கூட வேண்டாம். வெட்டி இழுக்கும்போது 'இதற்கு அப்பால் 3 மார்க்கர்கள் இருக்கின்றன, என்ன செய்ய?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நண்பன் என்னைக் கூப்பிட்டிருப்பான். சேமிக்காமல் மூடினால் கேட்கத் தெரிகிறதே! அடிக்கடி கேட்டால் எரிச்சல் என்பார்கள். எரிச்சலானவர்கள் அணைத்துக்கொள்ளட்டும், சும்மா வந்தால் கேட்கட்டும் என்பது என் கட்சி.

வெட்டுப்பட்ட பகுதிக்குள்ளேயே இருந்த மார்க்கர் எங்கே போக வேண்டும் என்று ஒரு நண்பர் மடக்கினார். என்னைக் கேட்டால், எழுதிய குறிப்பைக் கேட்காமல் தூக்கிப்போடக் கூடாது. ஓரமாக ஒரு பட்டியலில் போட்டு வைக்கட்டும்.

இப்போதைக்கு நாங்கள் செய்வது: மறைக்க வேண்டிய எதற்கும் மார்க்கர் வைப்பதையே விட்டுவிட்டோம். பார்த்த உடனே அந்த இடத்தில் ஒலியை வெட்டி அமைதியாக்கிவிடுகிறோம். அப்புறம் முழுப் படத்தையும், எடிட் பண்ணாத ஒருவர் ஹெட்போனில் கேட்கிறார். அந்த அக்காவிடம் இதுவரை இதைச் சொல்லவில்லை.