விளையாட்டுக் கணினியின் விலை எங்கே முடிவாகிறது?

கடந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கல்லூரியில் இரண்டாமாண்டு பயிலும் என் பேரனுடன் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றிருந்தேன். போட்டிகளில் விளையாடுவதற்கான கணினி ஒன்றைப் பகுதி பகுதியாக வாங்கித் தானே பொருத்திக் கொள்ள வேண்டும் என்பது அவனது இரண்டாண்டு ஆசை. சேமிப்பும் பெற்றோர் தந்ததுமாக அவனிடம் ரூ.80,000 இருந்தது. கையில் ஒரு பட்டியலும் இருந்தது. முந்தைய ஆகஸ்டில் அதே தெருவில் விசாரித்து எழுதிய பட்டியல் அது.

அந்தப் பட்டியலில் ரூ.5,000-க்கும் குறைவாக இருந்த 16 ஜிபி 'ரேம்' (நினைவகம்) இப்போது ரூ.15,000-ஐத் தாண்டியிருந்தது. விலை எழுதிய தாளின் அடியில் கடைக்காரர் 'இன்று மட்டும்' என்று குறித்துக் கொடுத்தார். 'நாளைக்கு வந்தீங்கன்னா வேற ரேட் சார்' என்றார். நகைக்கடையில் கேட்கும் வாசகம் கணினிக் கடையில் கேட்டது. முப்பதாண்டுகளுக்கு மேல் விலைக் கோட்பாட்டைக் கற்பித்த எனக்கு, ஐந்து மாதங்களில் மும்மடங்கான இந்த விலை உறக்கத்தைக் கெடுத்தது.

இது ஓர் இளைஞனின் பொழுதுபோக்குப் பிரச்னைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 டிசம்பரில் 'இ-ஸ்போர்ட்ஸ்' எனப்படும் மின்விளையாட்டை மத்திய அரசு விளையாட்டுத் துறையின் பொறுப்பில் கொண்டுவந்தது. 2023-இல் சீனத்தின் ஹாங்செள நகரில் நடைபெற்ற ஆசியப் போட்டிகளில் அது பதக்கப் பிரிவாயிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்ததோடு, மின்விளையாட்டை அங்கீகரித்து வளர்க்கவும் வழி செய்துள்ளது. எனவே, கணினி என்பது இந்த விளையாட்டின் மட்டையும் பந்தும் ஆடுகளமும் ஆகும். அதன் விலை உயர்ந்தால், யார் ஆடலாம் என்பதே மாறிவிடும்.

முதலில், உதிரிபாகங்களைத் தேர்வு செய்வதில் உள்ள பொருளியலைப் பார்ப்போம். விலை உயர்ந்த பாகங்களை வாங்கினால் சிறந்த கணினி கிடைத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 'வேலரன்ட்', 'கவுன்டர்-ஸ்ட்ரைக் 2' போன்ற போட்டி ஆட்டங்களில் இது பொருந்துவதில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் காட்சியின் அழகை வேண்டுமென்றே குறைத்து வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நொடிக்கு எத்தனை படங்கள் தடையின்றித் திரைக்கு வருகின்றன என்பதே. காட்சித் தரத்தைக் குறைத்ததும் சுமை கிராபிக்ஸ் கார்டிலிருந்து செயலிக்கு (பிராசசர்) மாறிவிடுகிறது. அப்போது விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு பாதி வேலையின்றி இருக்கும். ஏஎம்டி நிறுவனம் 2022 முதல் 'கேச்' எனப்படும் இடைநினைவகத்தைச் செயலியுடன் கூடுதலாக அடுக்கி விற்கும் 'எக்ஸ்3டி' வகைச் செயலிகளைப் போட்டியாளர்கள் நாடுவது இதனால்தான்.

திரையைத் தேர்வு செய்வதில் குறைந்து செல் விளைவு விதி பாடநூலில் உள்ளபடியே இயங்குகிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி நொடி. 144 முறை புதுப்பிக்கும் திரையில் அது 6.9 ஆகக் குறைகிறது; ஆதாயம் ஏறத்தாழ 10 மில்லி நொடி. 144-இலிருந்து 240-க்குச் சென்றால் ஆதாயம் 2.8 மட்டுமே. 240-இலிருந்து 360-க்குச் சென்றால் வெறும் 1.4. விலையோ ஒவ்வொரு படியிலும் ஏறிக்கொண்டே போகிறது. முதல் படியைத் தாண்டாதவர் பின்தங்குவார். மூன்றாவது படிக்குப் பணம் கொட்டுபவர் பெரும்பாலும் பெருமைக்காகவே கொட்டுகிறார்.

இரண்டாவது விதி, இணைப் பொருள்களைப் பற்றியது. வண்டியில் ஒரு மாடு காங்கேயம் காளையாகவும் மறுமாடு நோஞ்சானாகவும் இருந்தால், வண்டி நோஞ்சானின் வேகத்தில்தான் செல்லும். வேகமான செயலியை வாங்கிவிட்டு ஒற்றை ரேம் துண்டைச் செருகினால், செயலி தரவுக்காகக் காத்திருக்க நேரும். ஒரே 16 ஜிபி துண்டைவிட இரண்டு 8 ஜிபி துண்டுகள் பல ஆட்டங்களில் சிறப்பாக இயங்குவது, இரு வழிகளில் தரவு செல்வதால்தான். மாறாக, மின்னும் வண்ண விளக்குகளும் கண்ணாடிப் பெட்டியும் ஒரு படத்தைக்கூட விரைவாகத் தருவதில்லை. ஆனால், மலிவான பவர் சப்ளை மற்ற எல்லாப் பாகங்களையும் பழுதாக்கிவிடக் கூடும். அதில் மட்டும் சிக்கனம் கூடாது.

இவையெல்லாம் வாங்குபவரின் கையில் உள்ளவை. நினைவகத்தின் விலை அவ்வாறு இல்லை. அது ரிச்சி தெருவிலோ, தில்லி நேரு பிளேஸிலோ முடிவாவதில்லை.

உலகின் டி-ரேம் நினைவகச் சந்தையில் 90 சதவீதத்துக்கும் மேல் மூன்று நிறுவனங்களின் வசம் உள்ளது: தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். சீனத்தின் சிஎக்ஸ்எம்டி வளர்ந்து வந்தாலும் நிலைமையை இன்னும் மாற்றவில்லை. இம்மூன்றும் இப்போது செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான 'எச்பிஎம்' என்ற உயர்வேக நினைவகத்தின் பக்கம் திரும்பியுள்ளன. அதே கொள்ளளவு எச்பிஎம் நினைவகத்தைச் செய்ய, சாதாரண டிடிஆர்5 நினைவகத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கன் தகடு தேவைப்படுகிறது. ஆக, தரவு மையத்துக்குச் செல்லும் ஒவ்வொரு ஜிபியும் வீட்டுக் கணினிக்கான சந்தையிலிருந்து மூன்று ஜிபியை எடுத்துக்கொள்கிறது.

2025 அக்டோபரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தனது 'ஸ்டார்கேட்' தரவு மையத் திட்டத்துக்காகச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் ஆகியவற்றுடன் நினைவக வழங்கலுக்கான உடன்பாட்டை அறிவித்தது. மாதத்துக்கு 9 லட்சம் சிலிக்கன் தகடுகள் வரை அதில் பேசப்பட்டது. டிசம்பர் 3 அன்று மைக்ரான், சாதாரண நுகர்வோருக்கு 'குருஷியல்' என்ற பெயரில் நேரடியாக நினைவகம் விற்றுவந்த தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. ஒரு பொருளின் பெரும் உற்பத்தியாளர் மூவரில் ஒருவர், 'சில்லறை வாடிக்கையாளர் இனி எங்களுக்கு வேண்டாம்' என்று கூறுவது அரிய நிகழ்வு.

தேவை கூடினால் உற்பத்தியும் கூட வேண்டுமே, ஏன் கூடவில்லை என்று மாணவர் கேட்கலாம். புதிய சிப் ஆலையை எழுப்பி முழு உற்பத்திக்குக் கொண்டுவர ஆண்டுகள் பிடிக்கும். அதைவிட முக்கியமான காரணம், சூடு கண்ட பூனையின் அச்சம். கொரோனா காலத்துத் தேவையை நம்பி உற்பத்தியைப் பெருக்கிய இந்நிறுவனங்கள், 2023-இல் நினைவகத் தொழிலில் பெரும் நட்டம் கண்டன. நம் ஊரில் சின்ன வெங்காயம் விலையேறிய ஆண்டில் எல்லோரும் அதையே நட்டு, அடுத்த பருவத்தில் விலை சரிந்து தவிப்பதைப் பார்க்கிறோம். பொருளியலில் இதைச் சிலந்தி வலைச் சுழற்சி என்பர். சிப் தொழிலிலும் இதே சுழற்சிதான். பருவம் மட்டும் நீளம்.

இதோடு ஒரு பழைய வழக்கையும் நினைவில் கொள்ள வேண்டும். நினைவகச் சந்தையில் கூடிப் பேசி விலை வைத்ததாக அமெரிக்க நீதித் துறை தொடுத்த வழக்கில், 2005-இல் சாம்சங் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் செலுத்த இசைந்தது, ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலர் செலுத்த இசைந்தது. இன்றைய விலையேற்றத்துக்கு மெய்யான தட்டுப்பாடே போதுமான விளக்கம் என்பதால் அதே பழியை இப்போதும் சுமத்துவது நியாயமன்று. ஆனால், மூவர் மட்டுமே உள்ள சந்தையைக் கண்காணிப்பின்றி விடுவது விவேகமும் அன்று. வெளிநாட்டில் நிகழும் செயல் இந்தியச் சந்தையைப் பாதித்தால் விசாரிக்கும் அதிகாரம், 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி நமது போட்டி ஆணையத்துக்கு உண்டு.

இந்திய நுகர்வோரின் சுமையில் வேறு இரண்டு கூறுகளும் உள்ளன. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கை காரணமாக நினைவகத்துக்கும் செயலிக்கும் சுங்க வரி இல்லை. ஆனால், 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. நிறுவனங்கள் இந்த வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ள முடியும், மாணவனால் முடியாது. விலை மும்மடங்கானால் அவன் கட்டும் வரியும் மும்மடங்காகிறது. இரண்டாவது கூறு ரூபாய் மதிப்பு. கடந்த டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. குஜராத் மாநிலம் சாணந்தில் மைக்ரான் அமைத்த ஆலை இதற்குத் தீர்வாகுமா என்று சிலர் கேட்கின்றனர். அது வெளிநாட்டில் உருவான சில்லுகளை இணைத்துச் சோதித்துப் பொதியும் ஆலை. நினைவகச் சில்லை அடி முதல் உருவாக்கும் ஆலை இந்தியாவில் இல்லை.

அப்படியானால் இப்போதே வாங்குவதா, காத்திருப்பதா? 2021-இல் கிரிப்டோ நாணயச் சுரங்கத்துக்காகக் கிராபிக்ஸ் கார்டுகள் அறிவித்த விலையைப் போல இரு மடங்குக்கும் மேல் விற்றன. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் அம்முறையைக் கைவிட்டபின் பயன்படுத்திய கார்டுகள் சந்தையில் குவிந்தன. நினைவக விலையும் ஒருநாள் இறங்கும் என்பதே வரலாறு தரும் பாடம். ஆனால், தரவு மையங்களின் தேவை அதுபோல் ஒரே நாளில் நின்றுவிடும் என எதிர்பார்ப்பதற்கில்லை. புதிய ஆலைகள் உற்பத்திக்கு வரும்வரை பெரிய இறக்கம் கடினம். அவசரமில்லாதவர் காத்திருக்கலாம். பத்தொன்பது வயது ஆட்டக்காரனுக்கு இரண்டாண்டுக் காத்திருப்பு என்பது அவனது விளையாட்டு வாழ்வில் பெரும்பகுதி.

உண்மையான இழப்பு இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாடு சதுரங்கத்தில் உலகப் புகழ் பெற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. சில நூறு ரூபாய்க்குப் பலகையும் காய்களும் கிடைப்பது அவற்றுள் ஒன்று. மின்விளையாட்டுக்கு முதலீடு அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். என் பேரனின் அணியில் ஐவர். சொந்தக் கணினி உள்ளவர்கள் இருவர். மற்ற மூவரும் மணிக்கணக்கில் வாடகை செலுத்தும் மையங்களில் பயிற்சி பெறுகின்றனர். அவர்களில் ஒருவன்தான் ஐவரில் சிறந்த ஆட்டக்காரன் என்று என் பேரனே கூறுகிறான்.

இந்த இடைவெளியைத் தனிமனிதச் சேமிப்பால் நிரப்ப முடியாது. தென்கொரியா நமக்கு ஒரு வழி காட்டியுள்ளது. 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு அங்கே 'பிசி பாங்' என்ற கணினி மையங்கள் தெருவுக்குத் தெரு பெருகின. 1998-இல் வெளியான 'ஸ்டார்கிராஃப்ட்' ஆட்டத்தை இளைஞர்கள் அங்கேதான் சிறு கட்டணத்தில் பழகினர். அந்நாட்டின் மின்விளையாட்டு வலிமைக்கு அடித்தளம், பகிர்ந்து பயன்படுத்திய கணினிகள்.

நம் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளின் கணினிக் கூடங்கள் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுகின்றன. அவற்றில் பத்துக் கணினிகளுக்கு நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டும் 144 ஹெர்ட்ஸ் திரையும் சேர்த்தால், பெரும்பாலான போட்டி ஆட்டங்களுக்குப் போதும். ரேம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. இன்றைய சந்தையில் அதுவே பெரிய சேமிப்பு. மாவட்ட விளையாட்டரங்குகளிலும் இத்தகைய கூடங்களை அமைக்கலாம். புதிய சட்டம் கூறும் 'வளர்ச்சி'க்கு இதைவிடச் சிக்கனமான தொடக்கம் இருக்க முடியாது.

பிள்ளைகள் ஆட்டத்துக்கு அடிமையாகிவிடுவார்களே என்ற பெற்றோரின் அச்சம் பொருளற்றதன்று. கல்லூரியில் பலரைக் கண்டவன் என்ற முறையில் அதை நான் மதிக்கிறேன். ஆனால், அடைத்த அறையில் நள்ளிரவில் தனியே ஆடுவதற்கும், பயிற்சியாளர் முன்னிலையில் மாலை இரண்டு மணி நேரம் அணியாக ஆடுவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. பொதுக் கூடம் செலவை மட்டுமின்றி நேரத்தையும் கட்டுக்குள் வைக்கும்.

அன்று ரிச்சி தெருவில் என் பேரன் பட்டியலைத் திருத்தி எழுதினான். விளக்கு எரியும் பெட்டி போயிற்று. கிராபிக்ஸ் கார்டு ஒரு தலைமுறை பின்னுக்குச் சென்றது. நடுத்தரச் செயலி, இரண்டு 8 ஜிபி ரேம் துண்டுகள், 144 ஹெர்ட்ஸ் திரை, தரமான பவர் சப்ளை ஆகியவை நிலைத்தன. எண்பதாயிரத்துக்குள் முடிந்தது. பொருளியல் ஆசிரியனாக அவனது தேர்வுக்கு முழு மதிப்பெண் அளிப்பேன்.

வீடு திரும்பும்போது, அணியின் மற்ற மூவரும் வார இறுதிகளில் முறை வைத்து இந்தக் கணினியில் பயிற்சி பெறலாமா என்று கேட்டான். சரி என்றேன். ஒரு வீட்டின் கூடத்தில் செய்ய முடிந்ததைக் கல்லூரிகளும் அரசும் செய்யத் தயங்குவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.