யாருக்கு நற்சான்றிதழ்?

கோட்டாற்றுக் கம்போளத்தில், ஒரு பலசரக்குக் கடை வாசலில், நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "அமெரிக்காவிலே நர்ஸுக்குப் படிக்க பிள்ளையளை வார்டுக்குள்ள விடுகதுக்கு முன்னால போலீஸ் ரெக்கார்டு பாக்கான், போதைப் பழக்கம் உண்டுமான்னு மூத்திரத்தைச் சோதிக்கான். நம்ம ஊருக்கும் அது வேணும், ஓய்!"

வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நினைவிழந்து கிடப்பவனின் உயிரை ஒப்படைக்கிற கை சுத்தமாக இருக்க வேண்டியதுதான். ஆனால், பதினெட்டு வயதுப் பெண்ணை வாசலில் நிறுத்திச் சோதித்துவிட்டால் ஆஸ்பத்திரியின் கடமை தீர்ந்தது என்கிற மனோபாவம் இருக்கிறதே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

அதே அமெரிக்காவில் சார்லஸ் கல்லன் என்றொரு ஆண் நர்ஸ் இருந்தான். 16 வருஷ காலம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறி, நோயாளிகளுக்கு மருந்தை அளவுக்கு மீறிச் செலுத்திக் கொன்றான். சந்தேகப்பட்ட நிர்வாகங்கள் வாயை மூடிக்கொண்டு அவன் அடுத்த இடத்துக்குப் போக வழிவிட்டன. 2003-இல் அவன் பிடிபட்டது எதனால்? மருந்து எடுத்த கணக்கினால். அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்துப் போலீசுக்கு உதவிய சக நர்ஸ் ஒருத்தியின் துணிச்சலினால்.

நம் நாட்டுக் கதை இன்னும் கொடிது. 1973-இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸை நாய்ச்சங்கிலியால் நெரித்தவன் அதே ஆஸ்பத்திரிச் சிப்பந்தி. 42 வருஷம் நினைவில்லாமல் கிடந்து 2015-இல் அவர் இறந்தார். 2024-இல் கல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் கொல்லப்பட்டார். கொன்றவன், போலீசுக்கு ஒத்தாசையாக அமர்த்தப்பட்ட தொண்டன். இத்தகையவர்களை என்ன விசாரித்து வேலைக்கு எடுத்தீர்கள் என்று சுப்ரீம் கோர்ட் கேட்டது, அவர் செத்த பிறகு!

சோதியுங்கள், ஐயா. செலவைப் பெற்றவன் தலையில் கட்டாதீர்கள். முடிவை ஊரறியப் பேசாதீர்கள். தடுமாறிய பிள்ளைக்கு வைத்தியம் பாருங்கள். கூடவே, மார்ஃபின் அலமாரிச் சாவி யாரிடம், இரவு வார்டில் எத்தனை பேர், அவள் உடுப்பு மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

கோட்டாற்றில் மகளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்புகிற தகப்பனுக்கும் ஒரு நற்சான்றிதழ் கேட்கும் உரிமை உண்டு.