பென்சிலும் கையுமாக ஒரு வார இறுதி

சனிக்கிழமை பிற்பகலில் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்திற்குப் போனால், கண்ணாடிப் பேழைகளுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு வரைந்துகொண்டிருக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். மடியில் வரைபுத்தகம், காதோரம் ஒரு பென்சில். ஒரு மணி நேரம் வரைகிறார்கள். வெளியே வந்து ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் வாங்கிப் புரட்டுகிறார்கள். பிறகு கூட்டமாகத் தே தாரிக் குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். பல பெற்றோரின் கண்ணுக்கு இது ஊர் சுற்றுவது. ஆனால், இந்த நாட்டின் நவீன ஓவியம் வளர்ந்த வழிகளில் ஒன்று, இப்படிக் கூடி வரைந்து, கூடிப் பேசிய பழக்கம்தான்.

1951-இல் மலாயாவுக்கு வந்த பீட்டர் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர் கல்வித் துறையில் கலைப் பொறுப்பாளராக இருந்தார். 1952-இல் கோலாலம்பூரில் அவர் 'புதன்கிழமை ஓவியக் குழு'வைத் தொடங்கினார். வாரம் ஒருமுறை கூடுவார்கள், வரைவார்கள், ஒருவர் படத்தைப் பற்றி இன்னொருவர் கருத்துச் சொல்வார்கள். இப்படித்தான் வரைய வேண்டும் என்று ஹாரிஸ் யார் மீதும் எதையும் திணிக்கவில்லை. அங்கே வந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: பேட்ரிக் இங், சியோங் லாய்தோங், நிக் ஸைனல் அபிடின், பின்னாளில் சொங்கெட் நெசவு பற்றி நூல் எழுதிய கிரேஸ் செல்வநாயகம். சிறுவர் விளையாட்டுகளைப் பாஸ்டல் வண்ணத்தில் வரைந்து புகழ்பெற்ற சுல்கிஃப்லி புயோங், விக்டோரியா கல்விக்கூடத்தில் மாணவராக இருந்த காலத்திலேயே இக்குழுவோடு சேர்ந்தவர்.

தேசிய அருங்காட்சியகத்தின் முகப்பில் இரு பக்கமும் விரியும் பெரிய சுவர்ச் சித்திரங்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். ஒவ்வொன்றும் 35 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். கண்ணாடிச் சில்லுகளால் ஆனவை. ஒரு பக்கம் நாட்டின் வரலாறு, மறுபக்கம் கைவினையும் பண்பாடும். அவற்றை வடிவமைத்தவர் அதே புதன்கிழமைக் குழுவின் சியோங் லாய்தோங். அருங்காட்சியகம் 1963 ஆகஸ்டு 31-ஆம் நாள் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தொன்றுதான். வாரந்தோறும் நண்பர்களோடு கூடி வரைந்த ஒருவரின் கை, நாட்டின் முகப்புச் சுவருக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்தப் பழங்கதைக்கு இன்று ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும்? நம் மாணவர்களுக்குக் கலைக் கல்வியின் கதவுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பார்த்தால் புரியும். 1967-இல் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் கலை, வடிவமைப்புப் பள்ளி தொடங்கியது. இன்று பல்கலைக்கழகமாகிவிட்ட அந்தக் கழகம் நாட்டுக்குப் பல முன்னணி ஓவியர்களைத் தந்திருக்கிறது. ஆனால் அதன் மாணவர் சேர்க்கை பூமிபுத்ராக்களுக்கு உரியது. இந்திய மாணவருக்கு எஞ்சியவை மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம், அஸ்வாரா போன்ற இடங்களும் தனியார் கல்லூரிகளும். மலேசிய ஓவியக் கழகமும் அதே 1967-இல் பிறந்ததுதான். ஆனால் தனியார் கல்லூரி என்றாலே கட்டணம், பி.டி.பி.டி.என். கடன், வீட்டில் "இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை, கடனைக் கட்டப் போவது அந்தக் குடும்பம்தானே.

இந்நிலையில் பொது அருங்காட்சியகம் செலவில்லாத ஓவிய வகுப்பாகிறது. தேசியக் கலைக்கூடத்திற்கும் ஜாலான் பிஞ்சாயில் உள்ள இல்ஹாம் கலைக்கூடத்திற்கும் நுழைவு இலவசம். தேசிய அருங்காட்சியகத்தில் மலேசியர்களுக்குச் சில ரிங்கிட்தான். எதையும் வாங்காமல் நான்கு மணி நேரம் உட்காரக்கூடிய, குளிரூட்டப்பட்ட இடம் கோலாலம்பூரில் வேறு எங்கே இருக்கிறது? பேரங்காடியில் ஒரு கோப்பை காப்பிக்கு ஆகும் செலவில் இங்கே ஒரு நாள் கழியும்.

நம்மவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பிரிக்பீல்ட்ஸும் தேசிய அருங்காட்சியகமும் அக்கம்பக்கம். முன்பு நடுவில் இருப்புப்பாதையும் ஜாலான் டாமன்சாராவின் வாகன நெரிசலும் குறுக்கே நின்றன. கண்ணுக்குத் தெரிகிற இடத்திற்கு நடந்து போவதே பெரும்பாடு. 2017-இல் எம்.ஆர்.டி. நிலையம் திறந்த பிறகு கே.எல். சென்ட்ரலிலிருந்து நடைபாதை வழியாகவே போய்விடலாம். வழி திறந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸுக்குத் துணி எடுக்கவும் வாழை இலைச் சாப்பாட்டுக்கும் வாரந்தோறும் வருகிற குடும்பங்களில் எத்தனை அந்த நடைபாதையில் திரும்புகின்றன என்பதுதான் கேள்வி.

உள்ளே வரைய என்ன இருக்கிறது? ஓர் எடுத்துக்காட்டு போதும். பேராக், பீடோரில் ஓர் ஈயச் சுரங்கத்தில் 1936-இல் கிடைத்த அவலோகிதேஸ்வரர் வெண்கலச் சிலை. எட்டுக் கைகள். கைப்பேசியில் ஒரு நொடியில் படம் எடுத்துவிட்டு நகர்ந்தால் 'பழைய புத்தர் சிலை' என்பதோடு முடிந்துவிடும். வரைய உட்கார்ந்தால்தான் சிக்கல் தொடங்கும். எட்டுக் கைகளும் தோளில் எங்கே சேர்கின்றன? எடை எந்தக் காலில் நிற்கிறது? இடுப்பு ஆடை மடிப்பு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே, நம் கோயில் சிலையிலா? இந்தக் கடைசிக் கேள்வி எழுந்தாலே கடாரம், லெம்பா பூஜாங் என்று பாடநூலில் படித்த சொற்களுக்கு உருவம் கிடைக்கத் தொடங்கும்.

இதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கெல் ஓர் அருங்காட்சியகத்தில் நடத்திய சோதனையில், வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படம் எடுத்த பொருள்கள் பார்வையாளர்களின் நினைவில் குறைவாகவே தங்கின. அதேபோல, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், எழுதிப் பார்த்த சொற்களைவிட வரைந்து பார்த்த சொற்கள் அதிகம் நினைவில் நின்றன. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். அழகாக வரைய வேண்டும் என்ற கட்டாயம்கூட அந்தச் சோதனையில் இல்லை.

அருங்காட்சியகங்கள் வரைபவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதில் உலகம் ஒரே மாதிரி இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2015-இல், கேமராவை வைத்துவிட்டு வரையுங்கள் என்று பார்வையாளர்களை அழைத்தது. சனிக்கிழமைகளில் வரைபுத்தகமும் பென்சிலும் அதுவே கொடுத்தது. மறு ஆண்டு லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியில் 'வரையக் கூடாது' என்று அறிவிப்பு வைத்து விமர்சனத்தை வாங்கிக் கட்டிக்கொண்டது. இரவல் பொருள்கள், கூட்ட நெரிசல் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. நம் அருங்காட்சியகங்கள் ரைக்ஸ் வழியைப் பின்பற்றுவதே நல்லது. மாதம் ஒரு சனிக்கிழமை, இருபது மடக்கு நாற்காலி, தமிழ், மலாய், சீனப் பள்ளிகளுக்கு ஓர் அழைப்புக் கடிதம். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மாணவர்கள் பக்கத்திலும் ஒழுங்கு வேண்டும். உள்ளே நீர்வண்ணத்தைத் திறக்காமல் பென்சிலோடு நிற்பதும், உட்காரும் முன் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் குறைந்தபட்ச மரியாதை.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கிள்ளானைச் சொல்வேன். கே.டி.எம். கொமுட்டரில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் சுல்தான் அப்துல் அஸிஸ் அரச காட்சிக்கூடம் இருக்கிறது. 1909-இல் ஏ.பி. ஹப்பக் வடிவமைத்த வெள்ளைக் கட்டடம். அதே ஹப்பக்தான் மஸ்ஜித் ஜாமேக்கையும் கோலாலம்பூர் பழைய இரயில் நிலையத்தையும் வடிவமைத்தவர். அங்கே முகலாயக் குவிமாடமும் வளைவும், இங்கே ஐரோப்பியத் தூணும் முக்கோண முகப்பும். ஒரே வார இறுதியில் இரண்டையும் வரைந்து பார்த்தால், காலனி ஆட்சி எந்த இடத்தில் எந்த முகத்தைக் காட்ட விரும்பியது என்ற விவாதம் தானாக வரும். அந்த விவாதத்தை ஜாலான் தெங்கு கிளானாவில் தோசைக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

கூடிப் பேசுவதைப் பற்றி ஒரு குறை. வரைந்த பக்கத்தைவிட வரைவதுபோல் எடுத்த படம் அதிகமாகப் பகிரப்படுகிறது. அதையாவது விட்டுவிடலாம். நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு மட்டும் போவதுதான் எனக்கு உறுத்துகிறது. புதன்கிழமைக் குழுவின் பெயர்ப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். இன்று அதற்கு நிகரான வாய்ப்பாக 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' குழுக்கள் இருக்கின்றன. சியாட்டல் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் தொடங்கிய இயக்கம் இது. கோலாலம்பூரிலும் கிளை உண்டு. கட்டட வரைஞர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவர் எல்லாரும் ஒரே ஐந்தடியில் உட்கார்ந்து வரைகிறார்கள். வேலை வாய்ப்பு பற்றிய பெற்றோரின் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்களும் அங்கேதான் கிடைப்பார்கள்.

அருங்காட்சியகத்தில் பழகிய கை தெருவுக்கு வர வேண்டும். ஜாலான் அம்பாங்கின் போக் மாளிகை 2006-இல் இடிக்கப்பட்டது. இன்று அது படங்களில்தான் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமமும் 2014-இல் மேம்பாட்டுத் திட்டச் சர்ச்சையில் சிக்கி, எதிர்ப்பு எழுந்த பிறகே தப்பியது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சில்பி, ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாக உட்கார்ந்து 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்தார். பிரிக்பீல்ட்ஸின் கோயில் கோபுரங்களுக்கும் கிள்ளானின் பழைய கடைவீடுகளுக்கும் அப்படி ஒரு சில்பி இன்னும் தேவைப்படுகிறார்.

கலைக் கல்லூரி நேர்காணலில் முதலில் கேட்பது படைப்புத் தொகுப்பைத்தான். இணையப் படத்தைப் பார்த்து நகலெடுத்த முகங்களைவிட, நேரில் பார்த்து வரைந்த இருபது பக்கங்கள் ஒரு மாணவரைப் பற்றி அதிகம் சொல்லும். எஸ்.பி.எம். தேர்வுக்குக் காட்சிக் கலைக் கல்வி எடுப்பவர்கள் நான்காம் படிவத்திலேயே தொடங்கினால், ஐம்பது சனிக்கிழமைகள் கையில் இருக்கின்றன. பள்ளிக் கலைக் கழகத்தின் பொறுப்பாசிரியரிடம் இதைப் புறப்பாட நடவடிக்கையாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். கடிதம் ஒன்று, பேருந்து ஒன்று, மாணவருக்கு ஆளுக்கு ஒரு 2பி பென்சில்.